இருபத்திரண்டு கறுப்புப் பெட்டிகள்

மொன்றியலுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் இல்லை. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களை வாங்கி, தேறுவதைத் தேற்றி, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சிறிய அமைப்பு அது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் என்ற பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்விடலாம். அதனால்தான் போனேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

சென்னையில் எட்டு வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவள் நான். லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் என் சோறு. கணவருக்கு இங்கே ஒரு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு அவருடன் வந்தேன். ஆறு மாதத்தில் எனக்கும் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தோம். நேர்காணலுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்டார்கள். பிரெஞ்சு எந்த அளவுக்கு வரும்? கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா? இரண்டுக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு வருடம் போனபின் யாரும் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். கணவர் அடுத்த அறையில் ஹெட்செட்டோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். நான் சமையலறையில் சத்தம் வராமல் பாத்திரம் கழுவுவேன். அதைவிட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

பேஸ்மென்ட்டில் எனக்கு எதிர்மேசையில் ஒரு அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்துமூன்று வயது. மொன்றியலுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். வந்த நாளிலிருந்து தையல் ஃபாக்டரிகளில்தான் வேலை. ஒன்று மூடியதும் இன்னொன்று, அதுவும் மூடியதும் இன்னொன்று. கடைசியாக வேலை செய்ததும் மூடிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை ஆறு மாதப் பயிற்சி என்று இங்கே அனுப்பியிருந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கை தெரியும். நான் ஒரு பெட்டியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் அவர் இரண்டு பெட்டியைப் பிரித்து, ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வகைவாரியாகப் போட்டுவிடுவார்.

முதல் நாள் என்னைப் பார்த்து, "நீர் இந்தியாவோ?" என்றார்.

"ஆமாக்கா. சென்னை."

"உமக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தினாலு."

"பிள்ளையள்?"

"இல்லக்கா."

அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். எனக்கு அந்த 'நீர்' முதலில் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அப்படி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கோபத்தில் கேலியாகச் சொன்னால்தான் உண்டு. அவர்களிடம் அது வாஞ்சைக்கும் மரியாதைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சொல் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அந்த இடத்தின் டைரக்டர் ஒரு கியூபெக் அம்மாள், தாய்மொழி பிரெஞ்சு. உயரமானவர், எப்போதும் அவசரத்தில் இருப்பார். ஆங்கிலம் வரும், ஆனால் பேச மாட்டார். என் பிரெஞ்சு வகுப்பறைப் பிரெஞ்சு, அதிலும் கடைசி பெஞ்சு. அக்காவின் பிரெஞ்சு ஃபாக்டரிப் பிரெஞ்சு. இலக்கணம் இருந்ததா தெரியாது, ஆனால் டைரக்டர் பேசுவது முழுக்க அவருக்குப் புரியும், அவர் பேசுவது டைரக்டருக்கும் புரியும். அதனால் டைரக்டர் என்னிடம் சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வார். அக்கா எனக்குச் சொல்வார். நான் தமிழில் சொல்லும் பதிலை அவர் பிரெஞ்சில் சொல்வார். யாரும் ஏற்பாடு செய்யாமல் அப்படி ஆகிவிட்டது.

ஜனவரியில் மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து இருபத்துநான்கு கறுப்புப் பெட்டிகள் வந்தன. தடிமனான புத்தகத்தின் அளவுதான் ஒவ்வொன்றும். தின் கிளையண்ட் என்று சொல்வார்கள். அது முழுக் கம்ப்யூட்டர் இல்லை. எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் வேலையைச் செய்யும், இது அதன் திரையை மட்டும் காட்டும். அதனால் உள்ளே எல்லாமே கொஞ்சம்தான். ஒரு ஜிபி நினைவகம், ஒரு சினிமாகூடப் பிடிக்காத சேமிப்பிடம், பதினைந்து வருடத்துக்கு முந்தைய 32 பிட் ப்ராஸசர். பெரிய கம்ப்யூட்டர் போய்விட்டால் இவற்றுக்கு வேலையே இல்லை. நேராகக் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

டைரக்டர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே கட்டடத்தின் மேல்மாடியில் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பயிற்சிகள் எல்லாம் ஒரு இணையதளத்தில் இருந்தன. மாணவர்களில் பாதிப் பேரிடம் கம்ப்யூட்டர் இல்லை, போனில் சிரமப்பட்டார்கள். இந்தப் பெட்டிகளை அதற்குப் பயன்படுத்த முடியுமா என்று டைரக்டர் கேட்டார்.

அக்கா எனக்குச் சொன்னார். "உந்தப் பெட்டியள மேல வகுப்புக்குக் குடுக்க ஏலுமோ எண்டு கேக்கிறா."

"பண்ணலாம்க்கா. ரொம்ப லைட்டான லினக்ஸ் ஒண்ணு போட்டா ஓடும்."

அக்கா சொன்னார். டைரக்டர் இன்னொன்று கேட்டார்.

"எத்தினை காலத்துக்கு ஓடும் எண்டு கேக்கிறா. ரெண்டு வருசமாவது நிக்குமோ எண்டு."

அதற்கு முந்தைய நாள்தான் வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தேன். இந்தப் பெட்டிகளில் ஓடக்கூடிய ஒரே உருப்படியான பிரவுசரைச் செய்கிறவர்கள், 32 பிட் ப்ராஸசர்களுக்கு இனிப் புதிய பதிப்பு கொடுக்கப்போவதில்லை என்று அறிவித்திருந்தார்கள். இருக்கிற பதிப்பு ஓடும். ஆனால் இணையதளங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். ஒருநாள் திறக்காது. என் கணக்கில் ஆறு மாதம். நல்ல நேரம் இருந்தால் எட்டு.

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும்க்கா," என்றேன்.

அவர் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். 'தாராளமா' என்பதற்கு என்ன சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் கையை அகல விரித்துக் காட்டியது நினைவிருக்கிறது. டைரக்டர் சிரித்தார். இது நல்லபடியாக நடந்தால் நிதி கொடுப்பவர்களிடம் காட்டி இங்கே ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். அதையும் அக்காதான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது. அவருடைய ஆறு மாதம் ஜூனோடு முடிந்துவிடும்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. எனக்கு ஒரு வேலை தேவையாக இருந்தது. காலையில் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவதற்கு ஒரு காரணம். ஆறு மாதம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். நான் மறுபடி சமையலறைக்குப் போக வேண்டும்.

அடுத்த இரண்டரை மாதம் அந்தப் பெட்டிகளோடு கிடந்தோம். எல்லாவற்றுக்கும் கிளினிக் போட்ட பாஸ்வேர்டு இருந்தது, யாருக்கும் அது தெரியாது. மூடியைத் திறந்து பட்டன் பேட்டரியைக் கழற்றி, போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகளைச் சேர்த்துவைத்தால் பெட்டி பாஸ்வேர்டை மறந்துவிடும். அக்காவுக்கு ஒருமுறை காட்டினேன். மீதி எல்லாவற்றையும் அவரே செய்தார். பவர் அடாப்டர்கள் வேறொரு பெட்டியில் கலந்து கிடந்தன. முதல் வாரமே அவசரத்தில் தவறான அடாப்டரைச் சொருகி இரண்டு பெட்டிகளைக் கொன்றேன். இரண்டாவதில் லேசாகப் புகை வந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இனி நான் பாத்துத் தாறன். நீர் தொடாதையும்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு அடாப்டரின் வயரிலும் ஒரு கலர் நூல் கட்டி வைத்தார். அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. இருபத்திரண்டு மிஞ்சியது.

என் வேலை உள்ளே. சாதாரணமாக எல்லோரும் போடுகிற லினக்ஸ்கூட அதற்குப் பாரம். தேவையில்லாததை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சுவர்ப்படம், சத்தம், ஓரத்தில் ஆடும் குட்டிப் படங்கள், யாரும் கேட்காத சேவைகள். யுஎஸ்பி ஸ்டிக்கிலிருந்து மொத்தமும் நினைவகத்துக்கு ஏறி அங்கேயே ஓடும்படி வைத்தேன். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், அடுத்த மாணவர் புதிதாகத் தொடங்கலாம். முதலில் திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. அந்த வீடியோ சிப்புக்கு ஏற்ற டிரைவரை யாரும் பராமரிப்பதில்லை. நான்கு நாள் தேடி, எவனோ ஒருவன் பல வருடம் முன்னால் எழுதி வைத்த ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சேர்த்தபின் நின்றது. தொடங்குவதற்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது ஐம்பது வினாடிக்கு வந்தது. பிரவுசரில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வரை தாங்கும். மூன்றாவது திறந்தால் எல்லாமே உறைந்துவிடும். அக்கா ஒரு ஸ்டிக்கரில் பிரெஞ்சில் 'இரண்டு மட்டும்' என்று எழுதி ஒவ்வொரு மானிட்டரிலும் ஒட்டினார்.

தமிழ் எழுத்து முதலில் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு ஃபான்ட் போட்டதும் சரியாகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு செய்தித்தளம். அவர் குனிந்து இரண்டு மூன்று வரி வாசித்தார்.

"வடிவா வந்திருக்கு," என்றார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

பெட்டிகளுக்கு ஃபேன் கிடையாது. ஒரு மணி நேரத்தில் தொட முடியாமல் சுடும். மானிட்டருக்குப் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டங்கள் கிளினிக்கிலிருந்து வரவில்லை. மேசையில் வைத்தால் மாணவர்கள் மேலே கோட்டைப் போடுவார்கள். அக்கா ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை வலைத்துணியில் ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தார். விளையாட்டுச் சட்டைகளுக்குப் போடுகிற துணி, மூடிய ஃபாக்டரியில் மிஞ்சியது. மேலே இரண்டு வார், மானிட்டரின் முதுகில் கட்டிக்கொள்ளலாம். காற்று போகும். இருபத்திரண்டும் அவரே தைத்தார், தன் சொந்த நேரத்தில். எல்லாத் தையலும் ஒரே மாதிரி இருந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு," என்றேன்.

"ரெண்டு மூண்டு வருசம் நிக்கப்போற சாமான்தானே," என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பேந்து சொல்லலாம் என்று விட்டேன். 'பிறகு' என்பதற்கு அக்கா சொல்லும் அந்தச் சொல் அதற்குள் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் கடைசியில் மேல்மாடியில் கொண்டுபோய் மாட்டினோம். லிஃப்ட் இல்லை. மானிட்டர்களையும் சேர்த்துச் சுமந்ததில் அக்கா ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று மூச்சு வாங்கினார். முதல் வகுப்பு நாளில் இருவரும் கதவருகே நின்று பார்த்தோம். கொலம்பியா, அல்ஜீரியா, பங்களாதேஷ், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஐம்பது வினாடி கழித்து இருபத்திரண்டு திரையும் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டது. ஆசிரியை எங்களைப் பார்த்து மெர்சி என்று நன்றி சொன்னார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். கீழே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவின் கட்டடத்தில் மேல்வீட்டில் ஒரு பெண், குடும்பத்தார் ஸ்பான்சர் செய்து வந்து எட்டு மாதம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று வகுப்புக்கே போகாமல் இருந்தாள். அவளை அக்கா கையோடு கூட்டிவந்து சேர்த்தார். "எங்கட கொம்பியூட்டர் இருக்கு, நீ வா" என்று சொல்லித்தான் கூட்டிவந்ததாக அவளே என்னிடம் சொன்னாள்.

ஏழு வாரம் நன்றாகப் போனது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆசிரியை கீழே வந்தார். பயிற்சி இணையதளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். எங்கள் பெட்டிகளில் வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது. அதன் நடுவில், உங்கள் பிரவுசர் பழையது, புதியதைப் போடுங்கள் என்று ஒரு வரி. மேலே போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு திரையிலும் அதே வரி. மாணவர்கள் போனை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை. எதற்கும் காத்திருந்து பழகியவர்கள்.

பிரவுசரை, தான் புதியது என்று தளத்திடம் பொய் சொல்ல வைத்தேன். பக்கம் பாதி திறந்தது, ஒலிப்பதிவு பாடவில்லை. வேறு இரண்டு பிரவுசர்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று திறக்கும்போதே உறைந்தது. வெள்ளிக்கிழமைவரை முயன்றேன். அதற்குள் ஆசிரியை பழையபடி தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

வெள்ளி மதியம் சாப்பாட்டு மேசையில் அக்கா பாணை, அதாவது பிரெட்டை, தேங்காய்ச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"திருத்த ஏலாதோ?" என்றார்.

"முடியாதுக்கா. அந்த ப்ராஸசருக்குப் புது பிரவுசர் வராது. நிறுத்திட்டாங்க."

"எப்ப நிப்பாட்டினவை?"

நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உமக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியும்க்கா."

"எப்பயிருந்து?"

"டைரக்டர் கேட்டாங்களே, அதுக்கு முன்னாடி நாள்."

அவர் கையிலிருந்த பாணைக் கீழே வைத்தார்.

"நான்தானே சொன்னனான் அவவுக்கு," என்றார். "என்ர வாயால. ரெண்டு மூண்டு வருசம் எண்டு நான்தானே சொன்னனான்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. நீர் சொன்னதைச் சொன்னன். ஆறு மாசம் எண்டு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பன்." குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தன்."

மீதிப் பாணைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். அன்று மாலைவரை லேப்டாப்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து பிரித்தேன். கிளம்பும்போது வழக்கமாக "வாறன்" என்பார். அன்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஒரே அறையில் வேலை செய்தோம். வேலைக்குத் தேவையானதைப் பேசினார். ஸ்க்ரூ, வயர், இது எங்கே, அது எங்கே. மேல்வீட்டுப் பெண்ணுக்கு அக்காவே எங்கிருந்தோ ஒரு பழைய டேப்லெட் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது. என்னிடம் சொல்லவில்லை.

ஜூனில் டைரக்டர் எங்கள் இருவரையும் மேலே தன் அறைக்குக் கூப்பிட்டார். யாரோ இருபது புதிய லேப்டாப் நன்கொடை தந்திருக்கிறார்கள், வகுப்பு இனி அதில் நடக்கும் என்றார். நிதி கிடைத்துவிட்டது, ஒரு நிரந்தரப் பணியிடம் வந்திருக்கிறது என்றார். அந்த இரண்டு வாக்கியமும் எனக்கே புரிந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து நீளமாகப் பேசினார். வேகமாகப் பேசியதால் பாதிதான் பிடிபட்டது. ஆனால் எதைப் பற்றி என்று பிடிபட்டுவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா கைகளை மடியில் வைத்திருந்தார்.

"அந்த இடத்தை உமக்குத் தாறாவாம்," என்றார். "அந்தப் பெட்டியள ஓட வைச்சது பெரிய வேலை எண்டு சொல்லுறா. இனி வாறது எல்லாம் சொஃப்ட்வெயர் வேலைதானாம். பிரெஞ்சு போகப் போக வந்திடும் எண்டு சொல்லுறா. செப்டம்பர்ல தொடங்கலாமாம்."

ஒரு சொல்லைக்கூட விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னார்: "என்ன சொல்ல?"

வேண்டாம், அக்காவுக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னதாகவே பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது, ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னை வேலைக்குக் கூப்பிடுகிறார் என்பது மட்டும்தான்.

"சரின்னு சொல்லுங்கக்கா," என்றேன்.

அவர் டைரக்டரிடம் திரும்பிச் சொன்னார். டைரக்டர் எழுந்து என் கையைக் குலுக்கினார். பிறகு அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ அன்பாகச் சொன்னார். அதை அக்கா எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

வீட்டில் கணவர், "சூப்பர், ரெஸ்யூமேல ஒரு வரி ஆச்சு," என்றார். அவருக்கு முழுக்கதையும் சொல்லவில்லை. சொல்லும் தெம்பு இல்லை.

ஜூன் கடைசியில் அக்காவின் ஆறு மாதம் முடிந்தது. கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். விடியற்காலை ஷிஃப்ட், இரண்டு பஸ் மாற வேண்டும்.

செப்டம்பரில் என் வேலை தொடங்கியது. முதல் வாரத்தில் செய்த வேலை அந்த இருபத்திரண்டு பெட்டிகளையும் வகுப்பிலிருந்து இறக்கி, மறுசுழற்சிக்குப் பிரித்துக்கொடுப்பது. வலைத்துணி உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பையில் போட்டேன். தூக்கிப்போட மனம் வரவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ச் செடித்தொட்டிகளைத் தொங்கவிட்டுவிட்டார்.

அந்த இலையுதிர்காலம் முழுக்கக் களைப்பாகவே இருந்தது. வேலை அப்படியொன்றும் கடினமில்லை. காலையில் கதவைத் திறந்ததும் எதிர்மேசை தெரியும். அங்கே புதிதாக வந்தவர் நல்ல மனிதர்தான். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைரக்டருக்கு என் ஓட்டைப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினேன். பெட்டிகள் நீண்ட நாள் ஓடாது என்று எனக்கு முதலிலேயே தெரியும், பொய் சொன்னது நான், அக்கா என் சொல்லை நம்பித்தான் சொன்னார் என்று. அகராதி பார்த்து நாலு தடவை திருத்தினேன். வேலை போனாலும் போகட்டும் என்று அனுப்பினேன்.

மறுநாள் டைரக்டர் என்னை நிறுத்தி, முதல்முறையாக ஆங்கிலத்தில் பேசினார். அவை அவ்வளவு பழையவை என்று தனக்கும் தெரியும், ஒரு பருவம் ஓடினால் போதும், நிதி கொடுப்பவர்களுக்கான அறிக்கையில் எழுதலாம் என்றுதான் நினைத்தாராம், ஏழு வாரம் ஓடியதே அதிகம் என்றார். அக்காவைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அவரைப் பற்றித் தப்பாக எதுவும் நினைக்கவில்லை, அந்தப் பணியிடத்துக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்றார். சொல்லிவிட்டு ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிவாக்கில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். முன்பு ஒரே ஒருமுறை வாசல்வரை வந்திருக்கிறேன். பனி சேறாகி நடைபாதையெல்லாம் உப்புத் தண்ணீர். கதவைத் திறந்தது அவருடைய கணவர். "ஆர், இந்தியாப் பிள்ளையே? வாரும், வாரும்," என்றார். அக்கா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து, கிடங்கின் கனத்த காலுறையைக் கழற்றாமல் சோஃபாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மெலிந்திருந்தார்.

"இரும்," என்றார்.

கடிதம் எழுதியதையும் டைரக்டர் சொன்னதையும் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவவுக்கும் தெரியும்," என்றார்.

"ஆமாக்கா."

"உமக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்." மெல்லச் சிரித்தார். "அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டன் எண்டு சும்மா கிடந்து களைச்சிருக்கிறன்."

"உங்க வேலைய நான் எடுத்துக்கிட்டேன்க்கா."

"அது என்ர வேலை எண்டு ஆர் சொன்னது? நான்தான் நினைச்சனான்." பிறகு, "கோவம் இருக்கு. இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா கோவத்தை வைச்சுக்கொண்டிருக்க இப்ப எனக்குப் பலமில்லை. காலமை மூண்டரைக்கு எழும்ப வேணும்."

அவருடைய கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அக்கா கிடங்கைப் பற்றிச் சொன்னார். நாள் முழுக்க நிற்க வேண்டும், அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும், கைக்கு உறை தருகிறார்கள் ஆனால் பெரிய சைஸ். பக்கத்தில் ஒரு ஹெயிட்டிக்காரி நன்றாகப் பாடுவாள். மேலாளர் பரவாயில்லை. "பேந்து மார்ச் மாசம் வேற பக்கம் மாத்துறன் எண்டு சொன்னவை. அங்க நிக்காமல் இருந்து செய்யிற வேலையாம்..." என்று தொடங்கியவர், நான் தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோய் எடுப்பதற்குள் தூங்கியிருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் எழப்போனேன். கணவர் கையால் இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இப்ப இப்பிடித்தான்," என்றார் மெதுவாக. "நாலு மணிக்கே நித்திரையாப் போயிடுவா. நீர் தேத்தண்ணியைக் குடியும்."

சத்தம் வராமல் குடித்து முடித்தேன். அவர் ஒரு போர்வை கொண்டுவந்து அக்காவின் காலில் போட்டார். ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் பூட்ஸ் மாட்டும்போது, "திரும்பவும் வாரும். ஞாயிற்றுக்கிழமையெண்டா முழிச்சிருப்பா," என்றார்.

பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. உட்கார இடம் கிடைத்தது.